ஆலங்கரட்டு ஏரிக்கு ஒரு மோட்டாரா, இரண்டா

ஜூலை 3

இன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கப் போடவில்லை. குப்பையில் போட்டுவிட்டேன். ஆலங்கரட்டு ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நின்றதற்கு அதுதான் கதி.

இரண்டு வருடம் கழித்து அங்கே போகிறேன். அதை ஏரி என்று சொல்லவே வாய் கூசுகிறது. கரையோரம் சாயத்தண்ணீர் நுரை கட்டிக் கிடக்கிறது. கோழிக்கடைக் கழிவு மூட்டைகள் ஊதி வெடித்து, இறகும் குடலுமாக மிதக்கின்றன. நடுவில் பார்த்த இடமெல்லாம் ஆகாயத்தாமரை. அந்த நாற்றத்தில் அது பூ வேறு பூத்திருக்கிறது. மற்றதையெல்லாம்விட அந்தப் பூவைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டியது.

சுகுணா மேடம் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. தண்ணீர் பரிசோதிக்கும் லேப் நடத்துபவருக்கு மூக்கு செத்துப்போயிருக்கும்போல. அவரிடம் பதினெட்டு வருடமாக வெளிவேலைக் கருவிகளுக்கு நான்தான் பொறுப்பு.

"சென்னியப்பன், பாசனச் சங்கத்துக்காரங்களுக்கு நடு ஏரித் தண்ணி வேணுமாம். கரையோரத்துல எடுத்துக் குடுத்தா கோர்ட்டுல எடுபடாதாம். ஆனா இனிமே ஆளை அனுப்ப மாட்டேன். ரிமோட்ல ஓடற படகு ஒண்ணு செய்யலாம். பேட்டரி மோட்டார். நாலு பாட்டில் தண்ணிய அதுவே உறிஞ்சிட்டு வரணும்."

ஆறடிப் படகாவது வேண்டும் என்றேன்.

"ஒரு மோட்டார் போடறதா, ரெண்டு போடறதா? நல்லா யோசிச்சு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. காரணத்தோட."

இதற்கு ஒரு பக்கம் எதற்கு? ஒரு வார்த்தை போதும்.

ஜூலை 4

ஒன்று. எழுதிவிட்டேன். காரணத்தை நாளை எழுதிக்கொள்ளலாம்.

ஜூலை 6

முபாரக் பாயின் பட்டறைக்குப் போனேன். ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் படகு விடுவது அவருக்குப் பைத்தியம். படகின் உடலை அவர்தான் வார்க்கப்போகிறார். பட்டறை முழுக்க ரெசின் நெடி. தரையெல்லாம் கண்ணாடி நார்த் தூசி. உட்கார்ந்த இடம் இப்போதும் அரிக்கிறது.

"சென்னியப்பண்ணா, பாட்டில் நெறஞ்சா படகோட நாப்பது கிலோ வரும். ரெண்டு மோட்டார் போட்டுருங்க. யோசிக்கவே வேண்டாம்."

என் காரணங்களைச் சொன்னேன். இரண்டு மோட்டார் என்றால் விசிறியைச் சுழற்ற இரண்டு தண்டு. அடியில் இரண்டு ஓட்டை. தண்ணீர் கசிய இரண்டு இடம். இரண்டு கன்ட்ரோலர், இரண்டு மடங்கு ஒயர். ஒரே பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் பேட்டரி நிற்கும். சின்ன விசிறி இரண்டு வேகமாகச் சுற்றினால் தின்று தீர்த்துவிடும். நடுவில் அடிக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒற்றை விசிறிக்குப் பாதுகாப்பும் உண்டு. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

"எல்லாஞ் சரிதாண்ணா. அந்த ஒண்ணு நின்னு போச்சுன்னா?"

"நிக்காது."

"நின்னா?"

"நிக்காதுன்னா நிக்காது பாய்."

"ஒரு கால்ல முள்ளுக் குத்துனா இன்னொரு கால்ல நொண்டியாச்சும் வீட்டுக்கு வந்தரலாம். ஒத்தக் கால்காரன் என்ன பண்ணுவான், சொல்லுங்க?"

இந்த ஆளுக்கு எதைச் சொன்னாலும் கால், கை என்று ஒரு பேச்சு. எனக்கு வாங்கி வந்த டீயில் ஏடு படிந்து, அதில் ஒரு கண்ணாடி நாரும் மிதந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 7

காரணப் பக்கத்தைப் பாதி எழுதிக் கிழித்துப் போட்டேன். 'களையில் சிக்கினால்' என்று தொடங்கிய வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 10

லேபில் பாட்டில் கழுவும் மேடையில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். என்னோடு ஒன்பது வருடம் வெளிவேலை பார்த்த இருதயராஜின் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன் அவன் அந்த ஏரியோடு போன பிறகு மேடம் இவளுக்கு இங்கே வேலை கொடுத்தார். பாட்டில் கழுவுவது, சீட்டு எழுதி ஒட்டுவது. முன்பு என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். இப்போது சார். லேப் பழக்கமாக இருக்கும்.

"சார், புதுப் படகுக்கு ரெண்டு மோட்டார் போடுங்க."

"இதெல்லாம் உனக்கெதுக்கும்மா?"

"அவரு கேட்டாருங்க. அந்தப் பழைய படகுக்கு. சோத்துல கை வெச்சா அதத்தான் சொல்லுவாரு. களை ரொம்ப ஆயிப்போச்சு, ஒத்த மோட்டார நம்பி நடு ஏரிக்குப் போகப் பயமா இருக்குதுன்னு."

"எங்கிட்டச் சொல்லலையே" என்றேன்.

அவள் கையிலிருந்த பாட்டிலை மறுபடி கழுவினாள். அது ஏற்கனவே கழுவிய பாட்டில்.

சொன்னானா என்று எனக்கு நினைவில்லை. ஒன்பது வருடத்தில் அவன் ஆயிரம் சொல்லியிருப்பான்.

ஜூலை 13

சாப்பிடும்போது சரசு ஆரம்பித்தாள். என் மனைவிக்கு நான் சோற்றில் கை வைத்தால்தான் ஊர்க்கதையெல்லாம் நினைவுக்கு வரும்.

"இருதயராஜ் பத்தி இன்னும் பேசிக்கறாங்க, தெரியுமுங்களா? அவனா வேணும்னுதான் தண்ணிக்குள்ள எறங்குனானாம். பொண்டாட்டி தொல்ல தாங்காம. சர்ச்சுக்குப் போனா ஸ்டெல்லா பக்கத்துல ஆளு உக்கார்றது இல்லையாம். அவ மக ரெஜினாவப் பள்ளிக்கூடத்துலயே கேக்கறாங்களாம்."

"ஊர் வாய் சாக்கடை" என்றேன். "சாக்கடைகூடத் தேவல."

"வேணும்னு எறங்குனான்னு மொதல்ல ஆருங்க சொன்னது?"

எனக்கு எப்படித் தெரியும்?

"நீங்க அவங்க வீட்டுப் பக்கம் ஒரு தடவகூடப் போகல."

"அடக்கத்துக்குப் போனோமே."

"கல்லறைக்கு வந்தீங்க. வீட்டுக்கு வரல."

ரசத்தில் ஒரு மிளகாய்த் தோல் மிதந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஜூலை 18

பழைய படகின் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார் மேடம். அளவெல்லாம் அதில் இருக்கும் என்று. எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றேன். ஸ்டெல்லா போய் இரண்டே நிமிடத்தில் எடுத்து வந்தாள்.

முதல் தாளே அவன் எழுதிய சீட்டு. அவன் கையெழுத்து சகிக்காது. எழுத்தெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிடும். 'படகுக்கு இரண்டாவது மோட்டார் தேவை. களை மிகுதி. இருதயராஜ்.' அதன் கீழே சிவப்பு மையில் 'தேவையில்லை.' அதற்குக் கீழே என் கையெழுத்து.

கோப்பின் கடைசியில் போலீசுக்கு நான் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். 'படகும் மோட்டாரும் நல்ல நிலையில் இருந்தன. சம்பவம் நடந்தபோது நான் வண்டியில் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. அவராகவே தண்ணீரில் இறங்கியதாகத் தெரிகிறது.'

மேடம் இரண்டையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"இப்பவும் ஒண்ணுதானா சென்னியப்பன்?"

"ஒண்ணுதாங்க மேடம்."

"சரி. உங்க பொறுப்பு."

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள். கோப்பைக் கொண்டுவரும் வழியில் அவளும் படித்திருப்பாள். படித்தால் படிக்கட்டும்.

நான் இப்போது இரண்டு என்று எழுதினால், அன்றைக்கு ஒன்று போதும் என்று சொன்னது

பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

ஜூலை 19

வேறு பேனாவால் எழுதி முடித்தேன். ஒரு மோட்டார். பதினோரு காரணம். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூலை 29

படகு தயார். ஆறே காலடி. முபாரக் பாய் கேட்காமலேயே ஆரஞ்சு நிறம் அடித்துவிட்டார். "தூரத்துல இருந்தாலும் கண்ணுக்குத் தெரியணும்ணா" என்றார். ஐஸ் வண்டி மாதிரி இருக்கிறது.

நடுவில் ஒரு மோட்டார், ஒரு தண்டு, உள்ளங்கை அகல விசிறி, பின்னால் சுக்கான். விசிறியைச் சுற்றிக் கம்பிக் கூடு வைத்திருக்கிறேன். இந்தக் கூட்டைத் தாண்டி எந்தக் களை வரும், பார்க்கலாம்.

பின்பக்கப் பலகையில் இரண்டாவது மோட்டாருக்கும் பாய் இடம் விட்டு வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "சும்மா இருக்கட்டும்ணா" என்றார். இளித்த வாயும் பாக்குக் கறைப் பல்லும்.

ஆகஸ்ட் 2

பாயின் மச்சான் தோட்டத்துத் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். சுத்தமான தண்ணீர். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. நாலு பாட்டிலும் நிரம்பின. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பேட்டரி பாதிகூடக் குறையவில்லை. ரிமோட்டின் குச்சியைத் தொட்டால் திரும்புகிறது, விட்டால் நிற்கிறது.

"பாத்தீங்களா பாய்?"

"பாத்தேண்ணா. தொட்டி ரொம்ப நல்லா இருக்குது."

ஆகஸ்ட் 8

நாளை ஏரியில். மதியம் சாப்பிடவில்லை. கேன்டீன் குருமாவில் ஏதோ மிதந்தது.

ஆகஸ்ட் 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குக் கரையில் நான்கு பேர். மேடம், முபாரக் பாய், பாட்டில் பெட்டியோடு ஸ்டெல்லா, நான். ஸ்டெல்லாவை ஏன் கூட்டி வந்தார் என்று எனக்குக் கோபம். சீட்டு ஒட்ட வேறு ஆள் இல்லையாம். அவள் ஏரியைப் பார்க்காமல் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே வண்டி. அன்று நின்ற அதே புளியமரத்தடியில்தான் இன்றும் நிறுத்தியிருந்தோம்.

படகை இறக்கினேன். கரையோரம் களை விலகிய ஒரு சந்து இருந்தது. அதன் வழியே விட்டேன். நுரையைக் கிழித்துக்கொண்டு போனது. ஐம்பது மீட்டர், நூறு, நூற்றைம்பது. நடுவில் நிறுத்தி பம்ப்பைப் போட்டேன். முதல் பாட்டில் நிரம்பியதற்கு ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மேடம் தலையாட்டினார்.

மூன்றாவதுக்காகக் கொஞ்சம் தள்ளிப் போகத் திருப்பினேன். மோட்டார் சத்தம் மாறியது. தொண்டையில் ஏதோ சிக்கியவன் இருமுவதுபோல ஒரு சத்தம். பின்பக்கமாகச் சுற்ற விட்டேன். ஒருமுறை உதறியது. அப்புறம் ஒன்றும் இல்லை. காற்றில் களை நகர்ந்து வந்து படகைச் சுற்றி மூடிக்கொண்டது.

பத்து நிமிடம் குச்சியை முன்னும் பின்னும் ஆட்டினேன். பாய் வாயைத் திறக்கவில்லை. சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

அந்த ஏரியில் கெளுத்தி பிடிக்கிற ஒருவர் லாரி டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அந்த மீனையும் வாங்கித் தின்ன ஆள் இருக்கிறது. "நான் எடுத்தாறேனுங்க. ஒரு கயிறு மட்டும் குடுங்க" என்றார்.

"பாத்துப் போயிருவீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"டெய்லி எறங்கறதுதானுங்க. நடுவுக்குத்தான் போனதில்ல. அதனால என்ன?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். முழங்கால் அளவு, தொடை அளவு. நான் எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நானும் தொடை அளவு தண்ணீரில் நின்றிருந்தேன்.

"போக வேண்டாம். அடியில பூரா சேறு. இடுப்பு வரைக்கும் உள்ள இழுக்கும். வேர் காலைச் சுத்திக்கும். சுத்துனா எடுக்க முடியாது. கத்தக்கூட முடியாது, வாய்க்குள்ள நொரை போயிரும்."

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க சார்? நீங்க எதையும் பாக்கலைன்னுதான எழுதிக் குடுத்தீங்க?"

திரும்பிக் கரைக்கு வந்தேன். பேன்ட்டிலிருந்து ஊதாத் தண்ணீர் வழிந்தது. காலில் என்னவோ ஒரு குடல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

"பாத்தேன்" என்றேன்.

"என்ன பாத்தீங்க?"

"எல்லாம்."

பிறகு சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதாததைச் சொன்னேன்.

அன்றைக்கு நானும் அவனும் சேர்ந்து போக வேண்டிய முறை. நாற்றம் தாங்கவில்லை, தலைவலி, நீயே போய்ட்டு வந்துரு என்றேன். "சரிண்ணா, நீங்க உக்காருங்க" என்று போனான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டேன். ரேடியோவில் பாட்டு. நடு ஏரியில் படகு நின்றது. அவன் எழுந்து நின்று கையாட்டினான். போதும், வேலை முடிந்தது என்கிறான் என்று நினைத்தேன். நானும் உள்ளேயிருந்து கையாட்டினேன். அவன் மறுபடியும் ஆட்டினான். இரண்டு கையையும் ஆட்டினான். நானும் மறுபடி ஆட்டினேன். அப்புறம் விசிறியில் சிக்கிய களையைப் பிரிக்க, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். படகு சாய்ந்து அவன் பிடி விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். தண்ணீரில் இறங்கினேன். இடுப்பு அளவு போனேன். சேறு இழுத்தது. வாய்க்குள் அந்தத் தண்ணீர் போனது. வாந்தி வந்தது. எனக்கு நீச்சல் தெரியும். தெரிந்தும் திரும்பினேன். கரையில் குப்புற விழுந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு மட்டும்தான் இருந்தது.

"அவனா வேணும்னு எறங்கல ஸ்டெல்லா. மோட்டார் நின்னு போச்சு. கரைக்கு வர அவனுக்கு வேற வழியே இல்ல. ரெண்டாவது மோட்டார் வேண்டாம்னது நான்தான்."

டியூபுக்காரர் கரையேறி ஒதுங்கி நின்றார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லா பாட்டில் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தன நேரமுங்க?"

"எது?"

"அவரு கையாட்டுனது."

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

அவள் அழவில்லை. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு கரைமேல் ஏறினாள். மெயின் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று மேடம் கூப்பிட்டார். அவள் கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றாள். நடந்தே போனாள்.

படகு அங்கேயே கிடக்கிறது.

ஆகஸ்ட் 10

மூன்று முறை குளித்தேன். சோப்பு தீர்ந்தது. நாற்றம் போகவில்லை. சரசு முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு நாற்றமும் இல்லை என்கிறாள்.

அவளிடமும் சொன்னேன். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இரண்டு வருடமாக ஏரியை அருவருத்தேன். ஊர் வாயை அருவருத்தேன். டீயை, ரசத்தை, ஒருத்தர் பல்லை. இன்றைக்குச் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றபோது முகத்தில் சோப்பைப் பூசிவிட்டுச் சவரம் செய்யாமலேயே கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

ஸ்டெல்லா வேலைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 12

மேல்காற்றுக்குப் படகு தானாகவே கிழக்குக் கரையில் ஒதுங்கியிருக்கிறது என்று பாய் போன் செய்தார். போய் எடுத்தோம். கம்பிக் கூட்டின் சந்துக்குள் வேர் புகுந்து, விசிறியில் தலைமுடிபோலச் சுற்றியிருந்தது. களையைத் தடுக்க வைத்த கூடுதான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. கத்தியால் அறுத்து எடுக்கவே இருவருக்கு அரை மணி நேரம் ஆனது.

"பாய், ரெண்டு மோட்டார் போடணும்."

"போட்டரலாம்ணா."

அந்த மனிதரின் பல்லைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். எழுதியவன் யாரென்று தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 14

மேடத்திடம் இரண்டு தாள் கொடுத்தேன்.

முதல் தாளில் மோட்டார். இரண்டு, ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. இரண்டும் ஒரே கொடியில் சிக்காது. தனித்தனிக் கன்ட்ரோலர், தனித்தனிப் பேட்டரி. கூடு வேண்டாம். ஒன்று நின்றால் மற்றது படகை வட்டமடிக்க வைக்கும், அதனால் சுக்கானும் வேண்டும். ஓட்டை இரண்டு, ஒயர் இரண்டு மடங்கு, பேட்டரி சீக்கிரம் தீரும். இவ்வளவு தொல்லையும் தெரிந்தேதான் இரண்டு கேட்கிறேன். படகு திரும்பி வர வேண்டும். காரணம் அது ஒன்றுதான்.

இரண்டாவது தாள் புதிய வாக்குமூலம்.

மேடம் முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதை நெடுநேரம் வைத்திருந்தார்.

"இத நான் ஸ்டேஷனுக்கு அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்புங்க மேடம்."

"அந்தச் சீட்டு என் கண்ணுலயும் பட்டிருக்கணும். கோப்ப நானும் அன்னிக்குத் தொறந்து பாக்கல." தாளை மடித்து வைத்துவிட்டு, "உங்க வேலையப் பத்தி அப்புறம் பேசலாம். படக முடிச்சுக் குடுங்க" என்றார்.

ஆகஸ்ட் 17

ஸ்டெல்லா வந்துவிட்டாள். பாட்டில் கழுவினாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 22

இரண்டாவது மோட்டார் மாட்டியாயிற்று. இன்று முழுக்க ரெசின் நெடியில்தான் இருந்தேன். பாய் கொடுத்த டீயைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 25

மறுபடி ஏரி. அதே நாற்றம், அதே நுரை. இந்த முறை வண்டியைப் புளியமரத்தடியில் விடாமல் தண்ணீர் ஓரம் வரை கொண்டுவந்து, நான்கு கதவையும் திறந்து வைத்தேன்.

நான்கு பாட்டிலும் நிரம்பின. திரும்பும் வழியில் இடது மோட்டார் நின்றது. அதே இருமல். இடதை அணைத்துவிட்டு, வலதை மட்டும் பாதி வேகத்தில் வைத்து, சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்தேன். படகு குடிகாரன்போலக் கோணிக்கொண்டு வந்தது. களையில் இரண்டு இடத்தில் மோதி நின்றது. பின்வாங்கி மறுபடி வந்தது. போவதற்கு நாலு நிமிடம் ஆன தூரத்துக்கு வர இருபத்திரண்டு நிமிடம். முன்மூக்கு மண்ணில் முட்டியபோது பாய் கால் நனைய ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். விரல்களை நீட்ட முடியவில்லை.

தண்ணீர் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஸ்டெல்லா நான்கு பாட்டிலிலும் 'நடு ஏரி' என்று எழுதி, தேதி போட்டு ஒட்டினாள். பெட்டியை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. மேடத்துகிட்டக் குடுத்தீங்களே, அந்தத் தாளோட இன்னொரு நகல எடுத்துட்டு வாங்க. ரெஜினாகிட்ட நீங்களே படிச்சுக் காட்டோணும்."

"வர்றேன்" என்றேன்.

"வரலீன்னா நானே கூப்புட வருவேன். உங்க வீதி பூரா கேக்கற மாதிரி கூப்புடுவேன்."

ஆகஸ்ட் 27, ஞாயிறு

போனேன். சரசுவும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

லைன் வீடு. வரிசையில் ஏழு வீடுகள், சுவரோடு சுவர். ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டிலும் இருமுவார்கள். சர்ச் முடிந்து எல்லோரும் வந்திருந்த நேரம். எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. என்னைப் பார்த்ததும் அடுத்த வீட்டு அம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு நின்றார்.

சுவரில் அவன் படம். கீழே சின்ன மெழுகுவர்த்தி. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரெஜினா பதினொன்றாம் வகுப்பு. அவனுடைய நெற்றி. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். நான் நின்றுகொண்டே தாளை எடுத்தேன். 'சென்னியப்பன் ஆகிய நான் இரண்டு வருடங்களுக்கு முன் கொடுத்த வாக்குமூலம் பொய்' என்ற முதல் வரியைப் படித்தேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. மறுபடி முதல் வரியையே படித்தேன்.

"குடுங்க, நானே படிக்கறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

நின்ற இடத்தில் படிப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக வெளியே போனாள். வாசல்படியில், ஏழு வீட்டுக்கும் தெரிகிற மாதிரி நின்றாள். பள்ளிக்கூடத்தில் பிரேயரில் செய்தி வாசிக்கிற குரல். நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"சென்னியப்பன் ஆகிய நான் இரண்டு வருடங்களுக்கு முன் கொடுத்த வாக்குமூலம் பொய். இருதயராஜ் தானாக விரும்பித் தண்ணீரில் இறங்கவில்லை. படகின் மோட்டார் நின்றுபோனது. அவர் உதவி கேட்டுக் கையாட்டினார்."

அடுத்த வீட்டு டிவி நின்றது. அதற்கடுத்த வீட்டிலும் யாரோ நிறுத்தினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஸ்டெல்லா மகளின் பின்னால் போய் நின்றுகொண்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

நான் உள்ளே, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் எழுதிய வாக்கியங்கள் அந்தக் குரலில் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடி ஏற்றியது. பாட்டுக் கேட்டது. பதிலுக்கு நான் கையாட்டியது. அந்த இடத்தில் தடுமாறுவாள் என்று நினைத்தேன். தடுமாறவில்லை. வாந்தி எடுத்தது, திரும்பி வந்தது, கையெழுத்து, தேதி வரைக்கும் படித்தாள்.

படித்து முடித்ததும் ரெஜினா ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். கடைசி வீட்டிலிருந்த ஒரு கிழவர், காது கேளாதவர்போல, "என்னம்மா சொல்ற? அவனா எறங்கலையா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"இல்லீங்க தாத்தா" என்றாள் ரெஜினா. "மறுபடியும் படிக்கறேன், கேளுங்க."

முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.